உஷார்! கிழங்கைத் தோண்டுமுன் இலை நுனியைப் பாருங்கள்

பழைய தோட்டத்து நிலத்தில் கிழங்கு தோண்டுகிறவர்கள், முட்டிவலிக்கு வேர் தேடுகிறவர்கள், வீட்டில் பூனை வளர்த்துக்கொண்டே பூச்சாடியில் லில்லி வைக்கிறவர்கள், பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளைத் தோட்டப் பக்கம் அழைத்துப் போகிறவர்கள் எல்லாரும் இதைக் கொஞ்சம் நின்று படித்துவிடுங்கள். பேராக்கில் அன்றாடம் நம் கண்ணில் படுகிற லில்லி வகைச் செடிகளில் ஒன்று ஆளைக் கொல்லும். இரண்டு மூன்று, குடலைப் புரட்டி ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும். இரண்டு, மனிதனுக்கு உணவு, பூனைக்கு எமன். பூத்திருக்கும்போது பார்த்தால் இவற்றைப் பிரித்துச் சொல்லிவிடலாம். பூ இல்லாத நாளில் பெரும்பாலோரால் முடியாது. ஆபத்து வருவதும் அந்த நாளில்தான்.

சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா, தாப்பா, பீடோர் பக்கமெல்லாம் பால்மரம் நின்ற நிலம் இன்று செம்பனையாகவும் தாமானாகவும் கேட்பாரற்ற புதராகவும் மாறிவிட்டது. லயங்களை இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆனால் லயத்து வாசலிலும் கோயில் ஓரத்திலும் நட்ட பூச்செடிகள் அவ்வளவு எளிதில் சாவதில்லை. மேலே வெட்டினாலும் தீ வைத்தாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். மழை விழுந்தால் மறுபடி துளிர்க்கும். நட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார். 'அதைத் தொடாதேடா' என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் செடி மட்டும் நிற்கிறது.

ஜப்பான்காரன் ஆண்ட அந்த மூன்று வருடம் எட்டு மாதத்தில் தோட்டத்து மக்கள் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்தார்கள். மலாய்க்காரர்கள் காடோங் என்று சொல்லும் நஞ்சுள்ள காட்டுவள்ளியைக்கூட இந்த நாட்டில் மெல்லிசாகச் சீவி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நஞ்சை எடுத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். எந்தக் கிழங்கு எப்படிப்பட்டது, எதற்கு எத்தனை நாள் தண்ணீர் என்பது அந்தத் தலைமுறைக்குக் கைப்பாடம். இன்று நம்மிடம் அந்தப் பாடம் இல்லை. கைப்பேசியில் வரும் கைவைத்தியக் குறிப்பு மட்டும் இருக்கிறது. பாதி தெரிந்தவன் சொல்ல, ஒன்றும் தெரியாதவன் செய்து பார்க்கிறான். எனக்குப் பயம் அங்கேதான்.

முதலில் செங்காந்தளைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தமிழனுக்கு இந்தப் பூமேல் தனிப் பாசம் உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் முதல் பூ இதுதான். தமிழ்நாட்டின் மாநில மலர் இது. ஈழத்தமிழருக்கு இது கார்த்திகைப்பூ. அந்தப் பாசத்தால்தான் வேலியிலும் தொட்டியிலும் விரும்பி நடுகிறோம். மலாயில் இதைக் கெம்பாங் சுங்சாங் என்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் காட்டுச்செடியாகவும் உண்டு, வீட்டுத் தோட்டங்களிலும் உண்டு. ஆறு இதழ்கள், ஓரம் நெளிந்து, பின்பக்கமாக மடங்கி மேல்நோக்கி நிற்கும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாளாக நாளாகச் சிவப்பு முழுதும் ஏறும். பூத்திருக்கும்போது வேறெந்தப் பூவோடும் இதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை.

பூக்காதபோது என்ன செய்வது? இலையின் நுனியைப் பாருங்கள். காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டிய நீள இலை. நரம்புகள் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். நுனி ஊசியாக நீண்டு, சுருண்டு, பக்கத்தில் இருக்கும் எதையாவது பற்றிக்கொள்ளும். இலை நுனியே பற்றுக்கம்பியாக மாறும் கொடி நம் புதரில் கண்ணில் பட்டால் அதைச் செங்காந்தள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைவள்ளியின் இலை அப்படி இராது. அது காம்புள்ள இலை, இதயம்போல் அகன்றிருக்கும், கொடி தரையில் படரும். காட்டுவள்ளியின் இலைக்கும் நீளக் காம்பு உண்டு. நுனி சுருளாது, தண்டுதான் சுற்றிக்கொண்டு ஏறும். காடோங்குக்கு ஒரு காம்பில் மூன்று இலை, தண்டில் முள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. செங்காந்தள் பூத்துக் காய்த்து முடிந்ததும் கொடி முழுக்கக் காய்ந்து மறைந்துவிடும். பார்க்க இலையும் இல்லை, நுனியும் இல்லை. மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உறங்கும். அந்த நேரத்தில் நிலத்தைக் கொத்துகிறவன் கையில் கிடைப்பது, இரண்டு முனையும் கூம்பி, பெரும்பாலும் இரு கிளையாகப் பிரிந்து, பழுப்புத் தோலும் வெள்ளைச் சதையுமாக இருக்கும் ஒரு கிழங்கு. கலப்பை போன்ற அந்த வடிவத்தால்தான் இதற்குக் கலப்பைக் கிழங்கு என்று பெயர். கழுவி வைத்தால் தின்கிற கிழங்குக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வது கடினம். இலங்கையில் சர்க்கரைவள்ளி என்று நினைத்து இதை அவித்துத் தின்று மாண்டவர்கள் இருக்கிறார்கள். அந்நாட்டு மருத்துவ ஏடுகளில் இந்த நஞ்சேற்றம் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. 1966-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு மருத்துவக் குறிப்பு, இந்தக் கிழங்கைத் தின்று பிழைத்த ஓர் இலங்கை இளம்பெண்ணைப் பற்றியது. அவருக்குத் தலைமுடி மட்டுமல்ல, உடம்பு முழுக்க முடி கொட்டிப்போனது.

முடி ஏன் கொட்டுகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த நஞ்சின் குணம் முழுக்கப் பிடிபட்டுவிடும். கிழங்கிலும் விதையிலும் இலையிலும் இருப்பது கோல்ச்சிசின். உடம்பில் ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் உருவாகி அதை இழுத்துப் பிரிக்க வேண்டும். கோல்ச்சிசின் அந்த இழைகளை உருவாக விடாது. ஆகவே, எங்கெல்லாம் உயிரணுக்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அங்கெல்லாம் முதலில் அடி விழும்: குடலின் உள்தோல், இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை, முடியின் வேர்.

தின்றவுடன் ஒன்றும் தெரியாது. இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம், சில சமயம் அரை நாளுக்கு மேலும், ஆள் நன்றாகவே இருப்பார். அப்புறம் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, தண்ணீராகப் பேதி. பார்க்கிறவர்கள் 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நினைப்பார்கள். ஒரு நாளில் வாந்தி குறைந்து தேறிவிட்டதுபோலக்கூடத் தெரியலாம். இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் இரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் ஓயும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், இரத்த வெள்ளணுக்கள் சரிந்து தொற்று ஏறும். எந்த மருத்துவமனையிலும் எடுத்துக் கொடுக்கும்படியான முறிமருந்து இதற்குக் கிடையாது. உடம்பைத் தாங்கிப் பிடித்து, நஞ்சு வெளியேறும்வரை காத்திருப்பதுதான் மருத்துவர்களால் ஆகிற காரியம். சீக்கிரம் போனால் அதற்காவது வாய்ப்பு உண்டு.

வேகவைத்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோல்ச்சிசின் கொதிக்கவைத்தாலும் காயவைத்தாலும் அழிவதில்லை. கஷாயமாக வைத்தால் கிழங்கிலிருந்து தண்ணீரில் இறங்கும், அவ்வளவுதான். மேய்ந்த ஆட்டின் பாலிலும் இறங்கும். தாமான் ஓரத்தில் ஆடு வளர்க்கிறவர்கள் இந்தக் கொடி நிற்கும் இடத்தில் ஆட்டைக் கட்ட வேண்டாம்.

இனி முட்டிவலிக்காரர்களுக்கு வருகிறேன். கவுட் என்னும் வாத நோய்க்கு மருத்துவர்கள் கோல்ச்சிசின் மாத்திரை கொடுப்பது உண்மை. 1820-இல் பிரான்சில் பெல்லட்டியே, கவென்தூ என்ற இரு வேதியியலாளர்கள் ஐரோப்பியச் செடியான கோல்ச்சிக்கத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நம் செங்காந்தள் அந்தச் செடியின் நெருங்கிய சொந்தம். தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் கம்பிப் பந்தல் போட்டுச் செங்காந்தள் வளர்த்து, ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் தொட்டு வைத்து, விதையை மருந்து ஆலைகளுக்கு விற்கிறார்கள். அங்கே அதற்குக் கண்வலிக்கிழங்கு என்று பெயர். இதையெல்லாம் எங்கோ கேட்டுவிட்டு, 'மருந்தே இதிலிருந்துதானே வருகிறது, நேரே கிழங்கையே அவித்துக் குடித்தால் என்ன?' என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் என்னை அதிகம் பயமுறுத்துகிறார்கள்.

அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று பாருங்கள். ஒரு மாத்திரையில் இருப்பது 0.5 மில்லிகிராம். அதையும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று பார்த்துத்தான் மருத்துவர் கொடுக்கிறார். கிளாரித்ரோமைசின் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் அந்தச் சின்ன மாத்திரையே ஆளைக் கவிழ்த்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 மில்லிகிராமைத் தாண்டினால் பிழைப்பவர் அரிது. அறுபது கிலோ ஆளுக்கு அது ஐம்பது மில்லிகிராம்கூட இல்லை. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் மாறும். சித்த, ஆயுர்வேத முறைகளில் இது பயன்படுகிறதே என்பீர்கள். பயன்படுகிறது, நஞ்சு என்று பட்டியலில் வைத்து, சுத்தி செய்து, பட்டம் பெற்ற வைத்தியர் கையால். இந்தியாவின் மருந்துச் சட்ட விதிகள் இதை நஞ்சுள்ள மூலிகைகளின் அட்டவணையில்தான் வைத்திருக்கின்றன. கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகக் கூடாது. வயிற்றில் தடவச் சொல்லும் பழைய பழக்கத்தையும் ஒதுக்கிவிடுங்கள். கிழங்கின் சாறு தோலில் பட்டாலே சிலருக்குப் புண்ணாகும்.

மலேசியாவில் விற்கப்படும் பாரம்பரிய மருந்துக்குச் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்க வேண்டும். 'எம்ஏஎல்' என்ற எழுத்துகளில் தொடங்கி 'டி' என்ற எழுத்தில் முடியும். அது இல்லாத மூட்டுவலிப் பொடியைப் பாசார் மாலாமில் வாங்காதீர்கள், யார் உறவு விற்றாலும் சரி.

செங்காந்தளை விட்டு வெள்ளை லில்லிகளுக்கு வருவோம். பள்ளி வாசல், கோயில் மதில், சாலையின் நடுத்திட்டு என்று ஈப்போவைச் சுற்றி எங்கும் இரண்டு செடிகளை அழகுக்கு நட்டிருக்கிறார்கள். பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். ஒன்று விஷமூங்கில், மலாயில் பாக்கோங். ஆள் இடுப்புக்கு வளரும், ஒரு மீட்டர் நீள இலை, கையகலம். வெள்ளைப் பூவின் இதழ்கள் ஒல்லியாகத் தனித்தனியே பிரிந்திருக்கும். மகரந்தத் தாள்களில் ஊதா நிறம் ஓடும். மற்றது ஸ்பைடர் லில்லி. இதன் பூவின் நடுவில், மகரந்தத் தாள்களை அடியில் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய வெள்ளைக் கிண்ணம் ஒன்று இருக்கும். கிண்ணம் இருந்தால் ஸ்பைடர் லில்லி, இல்லாவிட்டால் விஷமூங்கில். பிரித்தறிய இதைவிட எளிய அடையாளம் கிடையாது.

இரண்டின் கிழங்கிலும் இருப்பது லைக்கோரின் என்ற நஞ்சு. கொல்வது அரிது, ஆனால் கடுமையாக வாந்தி எடுக்க வைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் விஷமூங்கில் கிழங்கை வாந்தி வரவழைக்கும் மருந்தாகவே மருத்துவர்கள் வைத்திருந்தார்கள். பெரியவர் தாங்குவார். மூன்று வயதுக் குழந்தை அந்த வாந்தியில் நீர் வற்றிச் சுருண்டுவிடும். சுளுக்குக்கு இந்த இலையை எண்ணெய் தடவி வாட்டிக் கட்டுகிறவர்கள் உண்டு. கட்டட்டும், அதையே உள்ளுக்குக் கொடுக்கத் துணிந்துவிடக் கூடாது. இன்னொன்று, சின்ன ஸ்பைடர் லில்லி செடியும் பாண்டான் செடியும் பச்சைப் பட்டை இலையோடு ஒரே தோற்றத்தில் நிற்கும். பாண்டானைக் கசக்கினால் வாசம் வரும், இதற்கு வராது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் வைக்காதீர்கள். நாசி லெமாக்குக்கு இலை பறிக்கச் சொல்லி நாம் அனுப்புவது பெரும்பாலும் பிள்ளைகளைத்தான்.

வெங்காயத்தோடு குழப்பும் செடிகளுக்கு இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும். மழை பெய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ புல்தரையில் சட்டென்று பூக்கும் இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் மழை லில்லியைப் பார்த்திருப்பீர்கள். பூக்காத நாளில் அது வெறும் புல். வெள்ளைப் பூ வகையின் இலை குச்சாய்க் கீரை இலையைப் போலவே இருக்கும். கிழங்கோ சின்ன வெங்காயத்தை உரித்து வைத்ததுபோல. லயத்து வாசல்களில் நட்ட பெரிய சிவப்பு லில்லி, எக்காளம்போல் நாலைந்து பூ ஒரே தண்டில் வருமே, அதன் கிழங்கு பெரிய வெங்காயம் அளவு. இவற்றிலும் லைக்கோரின் வகை நஞ்சுகள் உண்டு. ஜப்பானில் குச்சாயை நீரா என்பார்கள். அங்கே வீட்டுத் தோட்டத்தில் டாஃபோடில் இலையை நீரா என்று வெட்டிச் சமைத்து, குடும்பம் குடும்பமாக ஆஸ்பத்திரிக்குப் போவது ஆண்டுதோறும் நடக்கிறது. வெள்ளை மழை லில்லியையும் அப்படியே குழப்பியிருக்கிறார்கள். இத்தனைக்கும் நீராவை நாள்தோறும் சமைக்கிற மக்கள் அவர்கள்.

இதற்கு மூக்கு உதவும். குச்சாயும் வெங்காயமும் பூண்டும், ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினால் அந்த நெடி உடனே ஏறும். மழை லில்லிக்கு அந்த நெடி கிடையாது. ஆனால் ஒரு கத்தை குச்சாய் வெட்டிய கையோடு முகர்ந்தால் எதிலும் குச்சாய் நெடிதான் அடிக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒவ்வொரு இலையாக முகருங்கள். அதைவிட நல்லது, குச்சாய்க்குத் தனிப் பாத்தி, பூச்செடிக்குத் தனி இடம்.

'வெங்காயமும் இதுவும் ஒரே குடும்பம் என்று படித்தேனே, அப்படியானால் நல்லதாகத்தானே இருக்கும்?' என்று யாராவது கேட்கக்கூடும். ஒரே குடும்பம்தான். ஒரு காலத்தில் தாவர நூல்கள் இந்தச் செடிகளில் பெரும்பாலானவற்றை லில்லிக் குடும்பம் என்ற ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தன. பிறகு மரபணுவைப் பார்த்துப் பிரித்தார்கள்: செங்காந்தள் கோல்ச்சிக்கத்தோடு போனது, விஷமூங்கில், ஸ்பைடர் லில்லி, மழை லில்லி எல்லாம் வெங்காயத்தோடு ஒன்றாயின. உறவுமுறை தாவரவியலாளருக்குப் பயன்படும். சமையலறையில் அதை நம்பினால் கெட்டோம்.

இனிப் பிள்ளைகள் பறிக்கும் பழங்களுக்கு வருவோம். பால்மரக் காட்டில் வளர்ந்த பெரியவர்கள் லெம்பாச் செடியை அறிவார்கள். தென்னங்கன்றின் இலைபோல் மடிப்பு மடிப்பான அகன்ற இலை. மஞ்சள் பூ தண்டின் அடியில், மண்ணை ஒட்டிப் பூக்கும். காயும் மண்ணோரமாகவே இருக்கும், வெளிர் நிறத்தில். அதைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும், புளிப்பும் இனிக்கும். அதற்குக் காரணமான புரதத்துக்குக் குர்குலின் என்று பெயர் வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990-இல் உலகுக்குச் சொன்னார்கள். இது தின்னக்கூடியது. இதையும் பழைய நூல்கள் லில்லியின் பக்கத்துச் சொந்தமாகவே எழுதின.

இதே மாதிரி நிலத்தில், வெயில் படும் திறந்த மேட்டில், சியாக்-சியாக் நிற்கும். வாள்போல் குறுகிய இலைகள், அடியில் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து விசிறியாக விரியும். தண்டு உயர எழுந்து, சின்னச் சின்ன வெளிர்நீலப் பூவும், பிறகு பளபளக்கும் கருநீல மணிப் பழமும் தொங்கும். பிள்ளைகளின் கை நீளுவதற்கென்றே இருக்கும் நிறம் அது. அந்தக் காலத்தில் மலாய்க் கிராமங்களில் இந்தச் செடியை அரிசியோடு சேர்த்து எலிக்கு நஞ்சு வைத்தார்கள். 'நாங்கள் சின்ன வயதில் காட்டில் பழம் பறித்துத் தின்போம்' என்று பேரனிடம் பெருமையாகச் சொல்லும் தாத்தாக்களே, எந்தப் பழம் என்பதையும் கையோடு காட்டிவிடுங்கள். மண்ணோரத்து வெளிர் காய் லெம்பா. உயரத் தொங்கும் நீலப் பழம் சியாக்-சியாக். செங்காந்தள் காய் வெடித்தால் உள்ளே வரிசையாக ஆரஞ்சுச் சிவப்பு விதைகள் தெரியும்; அதையும் பிள்ளைகள் பொறுக்குவார்கள். அந்தக் காயை முற்றவே விடாமல், கையுறை போட்டு வெட்டி எறியுங்கள்.

ஈப்போவில் குழப்பத்துக்கு இன்னொரு வாசல், சீன மளிகைக் கடை. அங்கே பாக் ஹாப் என்ற பெயரில் வெள்ளைச் செதில்களாகக் காயவைத்து விற்பது உண்மையான லில்லிக் கிழங்கு. இனிப்புக் கஞ்சியிலும் சூப்பிலும் போடுவார்கள். கிம் சியாம் என்ற பழுப்பு நீளக் குச்சி, டே லில்லியின் காய்ந்த மொட்டு. இரண்டும் காலங்காலமாக மனிதர் தின்பவை. கடையில் பொட்டலமாக வாங்கித் தாராளமாகச் சமையுங்கள். ஆனால் 'லில்லிக் கிழங்கு சாப்பிடலாம்' என்ற அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு வாசலில் இருப்பதைத் தோண்டாதீர்கள். வாசலில் இருப்பது அந்த லில்லி இல்லை.

மனிதர் தின்னும் இதே இரண்டு இனங்கள்தாம் பூனைக்குக் கொடிய நஞ்சு. கேமரன் மலையில் விளைந்து தாப்பா வழியாகவும் சிம்பாங் பூலாய் வழியாகவும் இறங்கிவரும் பெரிய வாசனை லில்லியைச் சீனப் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் வாங்கி ஹாலில் வைக்கிறோம். பூனை இலையைக் கடிக்கக்கூட வேண்டாம். தன்மேல் உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலே போதும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலே போதும். முதலில் வாந்தி, சோர்வு. ஒன்றிலிருந்து மூன்று நாளில் சிறுநீரகம் நின்றுவிடும். முதல் சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவர் சிரைவழித் திரவம் ஏற்ற ஆரம்பித்தால் காப்பாற்றலாம். ஒரு நாள் தாமதித்தால் பெரும்பாலும் முடியாது. பூனை உள்ள வீட்டில் இந்தப் பூவும் டே லில்லியும் வேண்டவே வேண்டாம். பீஸ் லில்லி வேறு. அது சேம்பு இனம், வாயும் நாக்கும் எரியும், சிறுநீரகத்தைத் தொடாது.

கைப்பேசிச் செயலியில் படம் எடுத்துப் பார்த்தால் போதாதா? பூவோடு எடுத்தால் ஓரளவு சரியாகச் சொல்லும். வெறும் இலைக்கும் தோண்டிய கிழங்குக்கும் அதை நம்பி வாயில் வைக்காதீர்கள்.

செங்காந்தளை வெட்டி ஒழியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் பூ அது, வளரட்டும். பிள்ளைகளும் ஆடும் எட்டாத இடத்தில், கிழங்கு தவறிப் போகாதபடி தனித் தொட்டியில் வையுங்கள். கொடி காய்ந்த பிறகும் தொட்டியில் பெயர் எழுதிய பலகை நிற்கட்டும். தமிழிலும் மலாயிலும் 'நஞ்சு', 'ராச்சுன்' என்று எழுதுங்கள். வீட்டை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பழைய தோட்டத்து நிலத்தைக் கொத்திக் காய்கறி போடுகிறவர்கள், நட்டது யார் என்று தெரியாத கிழங்கு எது கிடைத்தாலும் அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அப்படியும் யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், தொண்டையில் விரலை விடாதீர்கள், பால் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு தொந்தரவும் இல்லையென்றாலும் உடனே 999-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். மீதிக் கிழங்கு, இலை, பூ, எது இருந்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சமைத்ததாக இருந்தால் சட்டியோடு எடுத்துச் செல்லுங்கள். எப்போது தின்றார், எவ்வளவு தின்றார் என்று எழுதிக்கொள்ளுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையத்திடம் மருத்துவர்களும் ஆலோசனை கேட்பார்கள், பொதுமக்களும் கேட்கலாம். அதன் எண்ணை இன்றே தேடிக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். தின்றது செங்காந்தள் என்ற சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் 'கோல்ச்சிசின்' என்ற பெயரைச் சொல்லுங்கள். வாந்தி நின்றுவிட்டது, ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று நீங்களாகக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். மருத்துவர் போகச் சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.